கல்லை எடுத்த பிறகு

"எத்தனை எம்எம்?"

சிறுநீரகத்தில் கல் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இது. கேட்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு அண்ணனும் கேட்பார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்பார். நாலு என்றால் வாழைத்தண்டுச் சாறு. ஏழு என்றால் சிறுபீளைக் கஷாயம். பதினைந்து என்றால், "இப்பல்லாம் லேசர்ல ஒரே நாள்ல எடுத்துடுறாங்க, என் மச்சானுக்குக்கூட எடுத்தாங்க" என்று ஒரு மச்சான் கதை வரும். மச்சானுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வராது.

இந்தக் கட்டுரை அந்த மச்சானைப் பற்றியது. சிறுநீர் மண்டலத்து நோய்களில் மனிதர்கள் மிக நீண்ட காலமாகக் கத்தி வைத்துப் பார்த்தது கல்லடைப்புக்குத்தான். சிகிச்சையின் விளைவை எண்ணிக்கையாக எழுதி வாதிடும் பழக்கம் மருத்துவத்தில் வேர்விட்ட இடங்களில் ஒன்றும் இதுவே. ஆனாலும் எதை எண்ணினால் உண்மை தெரியும் என்பதில் இன்றுவரை இழுபறி தீரவில்லை. முதலில் சாவுகளை எண்ணினார்கள். சாவு அரிதானதும் உள்ளே மிஞ்சிய துண்டுகளை எண்ணினார்கள். நோயாளி அடுத்த பத்தாண்டு எப்படி இருந்தார் என்று எண்ணும் வேலை பாதியில் நிற்கிறது.

சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விரிவாகச் சொல்கிறது. ஆசனவாயில் விரல்களை விட்டுக் கல்லைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, நடுத்தையலுக்கு இடப்புறம் ஒரு வாற்கோதுமை அளவு தள்ளிக் கீற வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அதன் முன்நிபந்தனை. கத்தியை எடுக்காவிட்டால் நோயாளி சாவது உறுதி, எடுத்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை, ஆகவே அரசனிடம் சொல்லி அனுமதி பெற்றுவிட்டுத் தொடங்கு என்கிறது நூல். கிரேக்கர்களின் ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியோ கல்லுக்காகக் கத்தி எடுப்பதையே மருத்துவருக்கு விலக்கி, அந்தத் தொழிலைச் செய்கிறவர்களிடம் விட்டுவிடச் சொல்கிறது. இரண்டு மரபுகளுமே இந்த அறுவையைக் கண்டு பயந்திருக்கின்றன. பயத்துக்குக் காரணமும் இருந்தது.

லண்டனில் வாழ்ந்த நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1658 மார்ச் 26 அன்று, மயக்கமருந்தே இல்லாத காலத்தில், இந்த அறுவைக்கு உடலைக் கொடுத்தார். டென்னிஸ் பந்து அளவுக் கல் வந்தது. பிழைத்தார். கல்லுக்கு ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அந்தத் தேதியில் விருந்து வைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார். அக்காலக் கணக்கில் இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. ஆனால் அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. அறுவையின்போது விந்துக்குழாய்கள் சேதமாகியிருக்கலாம் என்று பின்னாளைய மருத்துவர்கள் சிலர் ஐயப்பட்டிருக்கிறார்கள். 1703இல் அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் கூடு கட்டியிருந்தன. விருந்துகள் நடந்த ஆண்டுகளில் கல்லும் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் லண்டனின் வில்லியம் செசல்டன் பக்கவாட்டு வெட்டை மெருகேற்றினார். ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் கல்லை வெளியே எடுத்துவிடுவார் என்று பேர் வாங்கியவர். 213 பேருக்குச் செய்ததில் 20 பேர் இறந்தார்கள் என்ற கணக்கையும் அவர் வெளியிட்டார். பத்தில் ஒருவர் சாவது அன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணக்கு.

உண்மையான விவாதம் பாரிஸில் வெடித்தது. ஜான் சிவியால் என்ற அறுவை மருத்துவர், உடலை வெட்டாமல் சிறுநீர் வெளியேறும் வழியாகவே ஒரு கருவியை நுழைத்து, சிறுநீர்ப்பைக்குள்ளேயே கல்லைப் பிடித்து நொறுக்கும் முறையை 1824இல் நோயாளிகளுக்குச் செய்துகாட்டினார். தன் முறைதான் மேல் என்று நிறுவ ஐரோப்பா முழுவதிலுமிருந்து எண்ணிக்கைகளைத் திரட்டினார். வெட்டி எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சாகிறார், நொறுக்கி எடுத்தால் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் என்றது அந்தக் கணக்கு. 1835இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இதை ஆராய ஒரு குழு போட்டது. கணித மேதை புவாசோனும், நெப்போலியனின் படை மருத்துவராக இருந்த லாரேயும் அதில் இருந்தார்கள். மருத்துவத்தில் எண்ணிக்கைக்கு எவ்வளவு இடம் தருவது என்று குழு தயங்கியது. மருத்துவர் தன் முன்னால் படுத்திருக்கும் ஒரு மனிதரைப் பார்க்க வேண்டியவர், அவரைக் கூட்டத்தில் ஒரு புள்ளியாகக் கரைத்துவிட முடியாது என்பது அதன் வாதம்.

இன்றைக்குப் படிக்கையில் இரு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. சிவியாலின் எண்கள் பொய்யல்ல. ஆனால் நொறுக்கும் முறைக்கு அவர் எடுத்துக்கொண்டவர்கள் சிறிய கல்லும் தேறிய உடம்பும் உள்ளவர்கள். பெரிய கல்லும் சீழும் உள்ளவர்கள் கத்திக்குப் போனார்கள். தேறியவர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட சிகிச்சை கணக்கில் வெல்வது இயல்பு. இன்று மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் வரும் '99 சதவீத வெற்றி'யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிவியாலின் ஞாபகம் வருவதுண்டு.

1878இல் பாஸ்டனின் ஹென்றி பிகலோ, நொறுக்கிய துகள்களை அப்போதே உறிஞ்சி எடுத்துவிடும் ஏற்பாட்டைச் சேர்த்தார். இந்தியாவில் கல் மலிந்த பகுதிகளில் வேலை பார்த்த ஆங்கிலேய அரசு மருத்துவர்கள் அதை உடனே கைக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான கீகன் இந்தூரில் சிறுவர்களுக்கே செய்தார். ஏழை வீட்டுச் சிறுவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது அன்றைய இந்தியாவில் சகஜம். நீலகிரியின் குன்னூரில் சத்துணவு ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், 1920களில் எலிகளுக்குச் சத்துக் குறைந்த தானிய உணவைக் கொடுத்துச் சிறுநீர்ப்பையில் கல் வரவழைத்தார். பால் சேர்த்த எலிகளுக்கு வரவில்லை. சாப்பாடு மேம்பட்ட நாடுகளில் சிறுவர்களின் சிறுநீர்ப்பைக் கல் ஏறக்குறைய மறைந்தே போனது. எந்த அறுவை மருத்துவரும் சாதிக்காததைத் தட்டில் விழுந்த பாலும் பருப்பும் சாதித்தன. சாப்பாடு தேறிய பிறகு கல் சிறுநீர்ப்பையை விட்டு மேலேறிச் சிறுநீரகத்தில் குடியேறியது வேறு கதை.

சிறுநீரகக் கல்லுக்கு 1980கள் வரை விலாவில் நீளமாகக் கீறித் திறப்பதுதான் வழி. அறுபதைத் தாண்டிய உறவினர்களில் யாராவது ஒருவர் சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டியிருப்பார். பத்து நாள் படுக்கை, மாதக் கணக்கில் கனம் தூக்கத் தடை. மறுபடி கல் வந்தால் தழும்பின் மேலேயே கத்தி. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகப் போக அந்தச் சிறுநீரகமே கைவிட்டுப் போவதும் உண்டு.

1976இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகுத் தோலில் துளை போட்டு, அந்த வழியாகவே கல்லை எடுத்துக் காட்டினார்கள். இதுதான் இன்று பிசிஎன்எல் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்ப்பது. நாலாண்டு கழித்து, 1980 பிப்ரவரியில், மியூனிக்கில் கிறிஸ்தியான் ஷௌஸி கத்தியே இல்லாமல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி ஒரு நோயாளியின் கல்லை உடைத்தார். எந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் எப்படிப் பழுதாகிறது என்று ஆராயப் போனவர்கள் அவர்கள். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் செய்த அந்தத் தொடக்ககால எந்திரத்தின் திறனைப் பின்வந்த வசதியான எந்திரங்கள் எட்டவில்லை என்பது மூத்த மருத்துவர்கள் பலரின் கருத்து. சின்னதாக, சுலபமாக ஆக்கப் போய் வலு குறைந்தது. கல் சிகிச்சையின் வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது வழி, சிறுநீர் வரும் பாதையிலேயே மேல்நோக்கிப் போவது. வளையும் கேமராக் குழாய், அதன் வழியே தலைமுடியளவு லேசர் இழை. உடம்பில் துளையே இல்லை. ஆர்ஐஆர்எஸ் என்கிறார்கள், ஜனங்கள் 'லேசர்' என்றே சொல்கிறார்கள்.

எந்தக் கல்லுக்கு எது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. 20 எம்எம்முக்கு மேல் என்றால் முதுகுவழித் துளை. 10க்குக் கீழ் என்றால் அதிர்வலையோ லேசரோ. இடைப்பட்டவற்றுக்குக் கல் இருக்கும் இடம், கெட்டித்தன்மை, நோயாளியின் உடல்வாகு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். சிடி ஸ்கேனில் கல்லின் அடர்த்தி ஆயிரம் அலகுக்கு மேல் காட்டினால் அதிர்வலைக்கு அது எளிதில் அசைந்துகொடுக்காது.

முதுகுவழி அறுவையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் விளைவு எங்கே தீர்மானமாகிறது என்பது அதில் தெரியும். சிறுநீர்ப்பை வழியாக முதலில் ஒரு மெல்லிய குழாயை மேலே ஏற்றிச் சாயத்தைச் செலுத்துவார்கள். பிறகு நோயாளியைக் குப்புறப் போடுவது பெரும்பாலோர் வழக்கம். எக்ஸ்ரே திரையில் சிறுநீரகத்தின் உள்ளறைகள் கறுப்பாகத் தெரியும். கடைசி விலாவுக்குக் கீழே நீண்ட ஊசி ஒன்று உள்ளே போகும். அது அறையின் முனையில் நடுமையமாக நுழைய வேண்டும். அறைகளுக்கு இடைப்பட்ட கழுத்துப் பகுதியை ஒட்டித்தான் பெரிய ரத்தநாளங்கள் ஓடுகின்றன. ஊசி கொஞ்சம் பக்கம் சாய்ந்தால் அவற்றில் ஒன்றைக் கிழிக்கும். உள்ளூசியை உருவியதும் நுனியில் தெளிந்த திரவம் சொட்டினால் அறையில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். பிறகு கம்பி, கம்பியின் மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த விரிப்பிகள், கடைசியில் சுண்டுவிரல் தடிமனில் ஓர் உறை. அதன்வழி கேமராவும் கல்லை இடிக்கும் கருவியும் போகும். டகடகவென்ற சத்தத்தோடு கல் சிதறும், உப்புநீர் துகள்களை வெளியே அடித்து வரும். இடிப்பது வேடிக்கையாக இருக்கும். ஆனால் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு அந்த முதல் ஊசியிலேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கை பழக அறுபதை ஒட்டிய எண்ணிக்கையில் அறுவைகள் வேண்டியிருக்கிறது என்கின்றன பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள். 'எத்தனை எம்எம்' என்று கேட்கிறவர்கள், 'டாக்டர், நீங்க இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க' என்று கேட்பதில்லை.

விளைவு என்ன? பல நாடுகளின் 96 மையங்களிலிருந்து 5,803 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2011இல் வெளியான பெரிய தொகுப்பில், முதுகுவழி அறுவைக்குப் பின் கல் முழுதாக நீங்கியவர்கள் 75.7 சதவீதம். காய்ச்சல் 10.5 சதவீதம் பேருக்கு. ரத்தம் ஏற்ற வேண்டிவந்தது 5.7 சதவீதம் பேருக்கு. இவை அனுபவமுள்ள மையங்களின் எண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிலருக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று சிறுநீரில் ரத்தக் கட்டிகள் வரும். ஊசி பட்ட நாளத்தில் சிறு புடைப்பு உண்டாகி வெடிப்பதால் வருவது. ரத்தநாளத்துக்குள் குழாய் விட்டு அந்த இடத்தை அடைத்தால் பெரும்பாலும் சரியாகும். அறுவை நடந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இந்தத் தகவல் முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

துளையைச் சிறிதாக்கும் போட்டியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. குஜராத்தின் நடியாத்தில் உள்ள முல்ஜிபாய் படேல் மருத்துவமனையில் மகேஷ் தேசாய் குழுவினர், ஒன்றரை எம்எம் சொச்சம் தடிமனுள்ள ஊசியிலேயே கேமராவையும் லேசரையும் அடக்கிச் செய்த அறுவையை 2011இல் வெளியிட்டார்கள். அபாரமான கைவேலை. ஆனால் அவ்வளவு சிறிய துளை வழியே துகள்களை வெளியே எடுக்க முடியாது. அவை தாமாகத்தான் சிறுநீரில் இறங்கியாக வேண்டும். ஆகவே சிறு கற்களுக்கே பொருந்தியது. துளை சிறுத்தால் ரத்தம் குறையும், நேரம் கூடும், உள்ளே அழுத்தமும் கூடும். எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று கேட்காமல் தழும்பின் நீளத்தை மட்டும் பார்த்து மெச்சுவது சரியில்லை.

'கல் முழுதாக நீங்கிவிட்டது' என்பதே வழுக்கலான வாசகம். எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒரு கணக்கு, அல்ட்ராசவுண்டில் பார்த்தால் வேறு, சிடியில் பார்த்தால் இன்னொன்று. சிடி சின்னத் துகளையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் அதில் வெற்றி விகிதம் எப்போதும் குறைவாகவே வரும். நாலு எம்எம்முக்குக் கீழே மிஞ்சிய துண்டைப் 'பொருட்படுத்த வேண்டாதது' என்று நெடுங்காலம் வகைப்படுத்தி, அப்படிப்பட்டவரையும் வெற்றிக் கணக்கில் சேர்த்து எழுதினார்கள். உள்ளே விட்ட சின்னக் கல் பொருட்படுத்த வேண்டாததா என்று சோதித்தது 2022இல் வந்த ஓர் ஆய்வு. பெரிய கல்லுக்கு அறுவை செய்யும்போது, தொந்தரவு தராமல் இருக்கும் சின்னக் கற்களையும் சேர்த்து எடுத்துவிடுவது ஒரு குழு, அவற்றை அப்படியே விட்டுவிடுவது மறு குழு. 73 பேர்தான். சுமார் நாலாண்டுப் பின்தொடர்தலில், எடுத்த குழுவில் 16 சதவீதத்தினருக்கும் விட்ட குழுவில் 63 சதவீதத்தினருக்கும் தொல்லை திரும்பியது. சின்ன ஆய்வு என்றாலும் வித்தியாசம் பெரிது.

எண்ணை எப்படி வாசிப்பது என்பதற்கு இன்னொரு உதாரணம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயில் சிக்கிய கல்லுக்கு அதிர்வலையா, கேமராவா என்று பிரிட்டனில் 613 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். அதிர்வலையில் தொடங்கியவர்களில் 22.1 சதவீதத்தினருக்கு மறுபடி ஏதோ ஒரு தலையீடு தேவைப்பட்டது. கேமராவில் தொடங்கியவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு. கேமராதான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே எண்ணைத் திருப்பி வாசித்தால், அதிர்வலை எடுத்த நூறு பேரில் எழுபத்தெட்டுப் பேருக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை. மயக்கமருந்தும் ஸ்டென்டும் இல்லாமல் பலரும் அன்றே வீடு போகக்கூடிய சிகிச்சை அது. லேசர் வந்த வேகத்தில் பல இடங்களில் அதிர்வலை எந்திரம் மூலைக்குப் போய்விட்டது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாவது நோயாளிக்கு இருந்திருக்கலாம்.

ஸ்டென்ட் என்றேனே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல் சிகிச்சையின் விளைவுகளில் அதிகம் பேசப்படாததும், முழுக்கத் தவிர்க்கக்கூடியதுமான சேதம் இதில்தான் இருக்கிறது.

டிஜே ஸ்டென்ட் என்பது மென்மையான பிளாஸ்டிக் குழாய். இருபத்தைந்து சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். மேல்முனை சிறுநீரகத்திலும் கீழ்முனை சிறுநீர்ப்பையிலும் நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் சுருண்டிருக்கும். வீக்கம் வடியும்வரை சிறுநீர் அடைபடாமல் இறங்க அதை வைக்கிறார்கள். சில நாட்களில், அல்லது சில வாரங்களில், எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் நாட்களில் பெரும்பாலோருக்கு அது நிம்மதி தராது. அடிக்கடி சிறுநீர் முட்டும், எரியும், சிறுநீர் கழிக்கும்போது விலாவில் இழுக்கும், மாடிப்படி ஏறி இறங்கினால் ரத்தம் கலந்து வரும். கல் போன பிறகும் ஏன் வலிக்கிறது என்று பயந்து இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. யாராவது முன்கூட்டியே இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் மிச்சம். சிக்கலில்லாத குழாய்க்கல் அறுவைக்குப் பின் ஸ்டென்ட் கட்டாயமில்லை என்று ஆய்வுகளும் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வைப்பது குறையவில்லை.

தொல்லை அனுபவிக்கிறவருக்கு ஸ்டென்ட் மறக்காது. பழகிப்போனவருக்குத்தான் மறக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதில் ஒரு வரியில் 'ஸ்டென்ட் இன் சிட்டு', அதாவது ஸ்டென்ட் உள்ளேயே இருக்கிறது, என்று முடிந்திருக்கும். கல் போயிற்று, வலி போயிற்று, அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குத் திரும்பியிருப்பார். மாதங்கள் ஆக ஆக, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் உப்பு படியும். ஏற்கனவே கல் உருவாகும் உடம்பு. அது ஸ்டென்டையும் விட்டுவைக்காது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்துக் காய்ச்சலோடு வருபவரின் எக்ஸ்ரேயில் இரு முனைச் சுருளும் கெட்டியாகிக் கிடக்கும். ஐந்து நிமிடத்தில் கேமராவை விட்டு இழுத்திருக்க வேண்டிய குழாய்க்கு, மேலே முதுகுவழித் துளை, கீழே சிறுநீர்ப்பையில் நொறுக்கல், நடுவில் லேசர் என்று இரண்டு மூன்று அறுவைகள். சிலருக்குச் சிறுநீரகமே போய்விடுகிறது. உலகின் பல மையங்களிலிருந்தும் இப்படிப்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. தீர்வு ஒரு பேரேடு. ஸ்டென்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, நோயாளியின் கைபேசி, வீட்டில் இன்னொருவரின் கைபேசி. தேதி தாண்டினால் மருத்துவமனையிலிருந்து ஒரு போன். கேஸ் சிலிண்டர் பதிவுக்கு நாட்டில் கோடிக்கணக்கானோருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப முடிகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அறுவையே வேண்டாம், கல் உள்ளேயே கிடக்கட்டும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சிறுநீரகத்தின் உள்ளறைகள் முழுவதும் கிளைபரப்பும் மான்கொம்புக் கல்லை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று ஜான் பிளாண்டியும் சிங்கும் 1976இல் காட்டினார்கள். அறுவை செய்யாமல் விட்டவர்களில் பத்தாண்டில் 28 சதவீதம் பேர் இறந்தார்கள். செய்தவர்களில் 7 சதவீதம். வலியே இல்லாமல் வளரும் கல் அது. வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட்டவர்கள் இரு சிறுநீரகமும் சுருங்கிய நிலையில் டயாலிசிஸுக்கு வருவதை எந்த அரசு மருத்துவமனையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தள்ளிப்போடவே கூடாத இன்னொரு நிலைமை உண்டு. குழாயைக் கல் அடைத்திருக்கிறது, குளிர்காய்ச்சலும் வருகிறது. அப்போது கல்லைத் தொடக் கூடாது. முதலில் தேங்கிய சீழ் வடிய வழி செய்ய வேண்டும், கீழிருந்து ஸ்டென்ட் வைத்தோ முதுகுவழிக் குழாய் போட்டோ. அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை அலசிய ஓர் ஆய்வில், கல்லடைப்போடு ரத்தத்தில் கிருமி பரவியவர்களில், இப்படி வடித்துவிட்டவர்கள் 8.8 சதவீதமும் வடிக்காதவர்கள் 19.2 சதவீதமும் இறந்தார்கள். கல் வலியோடு காய்ச்சலும் இருந்தால் வாழைத்தண்டுக்கு அங்கே இடமில்லை, அன்றைக்கே மருத்துவமனை.

மற்றபடி வாழைத்தண்டைக் கிண்டல் செய்யவும் அவசியமில்லை. குழாயில் இருக்கும் ஐந்து எம்எம்முக்குக் கீழான கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே இறங்கிவிடுகின்றன. ஐந்து முதல் பத்து வரையுள்ளவற்றில் பாதியை ஒட்டி. இறங்கிய கல்லுக்குப் புகழ், அந்த வாரம் என்ன குடித்தாரோ அதற்குப் போகிறது. ஆங்கில மருந்தும் இதே புகழைச் சும்மா வாங்கியதுண்டு. கல் இறங்குவதற்கென்று எழுதித் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரையையும், நிஃபெடிபினையும், வெற்று மாத்திரையையும் பிரிட்டனில் 1,167 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். மூன்று குழுவிலும் ஐந்தில் நால்வருக்கு வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. சற்றுப் பெரிய குழாய்க்கற்களுக்குப் பயன் உண்டு என்று வாதிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். சிறியவற்றுக்கு வாதிட ஆதாரம் குறைவு.

இனி மச்சானுக்கு வருவோம். கல் போய்விட்டது, ஸ்டென்டையும் எடுத்தாயிற்று. மறுபடி வருமா? அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் முதல்முறை கல் வந்தவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஐந்தாண்டில் 20 சதவீதத்தினருக்கும் பத்தாண்டில் 31 சதவீதத்தினருக்கும் தொல்லையோடு திரும்பியது. பழைய ஆய்வொன்று பத்தாண்டில் பாதிப்பேர் என்றது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அறுவை மேசையில் தீராத நோய் இது. கல்லைப் பொடியாக்கிய லேசர், சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் ஏன் படிகமாகின்றன என்ற விஷயத்தைத் தொடவே இல்லை.

அந்தக் காரணத்துக்கான முதல் தடயம் நோயாளியின் கையிலேயே கொடுக்கப்படுகிறது. அறுவை முடிந்ததும் ஒரு சின்ன டப்பாவில் துண்டுகளைப் போட்டுத் தருவார்கள். அது வீட்டுக்குப் போய் அலமாரியில் இருக்கும், வருகிறவர்களுக்குக் காட்டப்படும். பெப்பிஸின் பெட்டியிலிருந்து நாம் அதிகம் நகர்ந்துவிடவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பினால் அது என்ன கல் என்று தெரியும். யூரிக் அமிலக் கல் என்றால் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் மருந்திலேயே கரையக்கூடும். அடுத்த முறை அறுவையே தேவைப்படாது. கிருமியால் விளைந்த கல் என்றால் ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. கால்சியம் கல்லோடு ரத்தத்தில் கால்சியமும் கூடியிருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டும். அங்கே வீங்கிய ஒரு சுரப்பியை எடுத்தால் புதிய கற்கள் உருவாவது பலருக்கு நின்றுபோகிறது. மூன்று முறை முதுகில் துளை போட்ட பிறகு, கழுத்தில் காரணம் இருந்தது தெரியவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் தக்காளி விதைமேல் உள்ள பயம் உப்பின் மேல் இல்லை. கல் வந்தவருக்குப் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டு, ஊறுகாயும் அப்பளமும் தாராளமாகப் பரிமாறுவோம். இத்தாலியின் பார்மாவில் பொர்கி குழுவினர் 120 ஆண்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரெதிர். கால்சியத்தைக் குறைத்தவர்களில் 38 சதவீதத்தினருக்குக் கல் திரும்பியது; கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 சதவீதத்தினருக்கு. உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அதே குழு 1996இல் முதல்முறை கல் வந்த 199 பேரிடம் தண்ணீரைச் சோதித்திருந்தது. நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் ஐந்தாண்டில் மறுபடி வந்தது. மருந்து இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. பல பத்தாண்டுகளாகத் தரப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையை ஸ்விட்சர்லாந்தில் 416 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்டபோது, வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை.

இரண்டு லிட்டர் சிறுநீர் போக நம் வெயிலில் மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணிடமும், கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவரிடமும் இதைச் சொல்வதற்கு முன், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்பதற்காகவே குடிக்காமல் இருப்பவர்கள் அவர்கள். பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான். கேரளப் பள்ளிகளில் 2019இல் அடிக்கத் தொடங்கிய தண்ணீர் மணி பின்னர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கடைகளுக்கும் கட்டட வேலைத்தளங்களுக்கும் மணி இன்னும் வரவில்லை.

திரும்பத் திரும்பக் கல் வருபவருக்கு ஏன் வருகிறது என்று அறிய இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையிலிருந்து மறுநாள் காலைவரை போகும் சிறுநீர் முழுவதையும் கேனில் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். சங்கடமான வேலைதான், ஆட்டோவில் கேனை மடியில் வைத்துக்கொண்டு போவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் கால்சியம் கூடவா, சிட்ரேட் குறைவா, உப்பு அதிகமா, தண்ணீரே போதவில்லையா என்று அது பிரித்துச் சொல்லும். படுக்கையில் சேர்த்துச் செய்யும் அறுவைக்கு நம்மூர்க் காப்பீடுகள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பணம் கட்டும். வெளிநோயாளியாகப் போய்ச் செய்துகொள்ளும் இந்தச் சோதனைக்கும், டப்பாவில் இருக்கும் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கும் பெரும்பாலும் அவரேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.